நொடிப்பொழுது மூலக்கூறுகளும் நகரின் காற்றும்



தாராவிக்குக் கிழக்கே செம்பூர். அதனை அடுத்த மாகுலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் உள்ளன. ஆலைகளும் வாகனங்களும் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஹைட்ரோகார்பன்களும் வெயிலில் வினைபுரிந்து, நுரையீரலுக்குக் கேடான ஓசோனைத் தோற்றுவிக்கின்றன. இவ்வினைகளைத் தொடங்கிவைப்பதில் ஹைட்ராக்சில் என்னும் தனி உறுப்புக்குத் தலையாய பங்குண்டு. காற்றில் அதன் ஆயுள் ஏறத்தாழ ஒரு நொடி. பெரும்பாலும் அதனினும் குறைவு.

இத்தகையவற்றைக் குப்பியில் அடைத்துவைத்து ஆராய இயலாது. எனவே, குவாண்டம் விசையியலின் துணையுடன் அவற்றின் நிலைப்புத் தன்மையைக் கணிப்பொறியில் கணக்கிடுகின்றனர். இம்முறைகளை வளர்த்த வால்ட்டர் கோன், ஜான் போப்பிள் ஆகியோருக்கு 1998இல் நோபெல் பரிசு கிடைத்தது.

மேட்டு நிலத்து ஏரியிலும் கரை உயர்ந்திருந்தால் நீர் தங்கும். அதுபோல, வினைபுரியத் தாண்டவேண்டிய ஆற்றல் தடையின் உயரமே மூலக்கூறின் ஆயுளைப் பெரிதும் முடிவு செய்கிறது. தடையைக் கணக்கிடுவதில் மோலுக்கு 1.4 கிலோகலோரி பிழை நேர்ந்தால், அறை வெப்பநிலையில் வினைவேகம் ஏறத்தாழ 10 மடங்கு மாறிவிடும்.

இதில் பொருளாதாரமும் அடங்கியுள்ளது. சில சூழல்களில் நைட்ரஜன் ஆக்சைடுகளை மட்டும் குறைத்தால் ஓசோன் கூடவும் கூடும். எந்தப் புகையை முதலில் கட்டுப்படுத்துவது என்பதற்கு இவ்வேகங்களே அடிப்படை. கணக்கு பிழைத்தால் பொதுப்பணமும் வீண். மக்கள் நலமும் கெடும்.

டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையம் 1991இல் ‘அனுபம்’ கணிப்பொறித் திட்டத்தைத் தொடங்கியது. மாட்டுங்காவில் வேதித் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது. இவை உங்கள் அண்டையில் உள்ளன. வேதியியலோடு கணிதத்தையும் ஊன்றிப் பயிலுங்கள். நகரின் காற்றைக் காக்கும் பணிக்கு இரண்டும் தேவை.