உடன் உழைப்பவரின் உறவு
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் பொத்துவிலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



தொழிலில் முன்னேறுவதற்கு வேலைத்தலத்து உறவுகளை எப்படி வளர்ப்பது என்பது பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டுக்கொண்டார்கள். நான் வைத்தியர். எனக்குத் தெரிந்த வேலைத்தலம் வைத்தியசாலைதான். ஆகவே வாட்டையும் சத்திரசிகிச்சைக் கூடத்தையும் வைத்தே பேசுவேன். நீங்கள் ஆசிரியையாக இருந்தாலும், வங்கியிலோ பிரதேச செயலகத்திலோ இருந்தாலும், கட்டாரில் ஒரு கணக்கு அலுவலகத்தில் இருந்தாலும், சொற்களை மாற்றிக்கொண்டால் விஷயம் ஒன்றுதான்.

முதலில், இது நமக்கு ஏன் முக்கியம் என்பதைச் சொல்கிறேன். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்ற ஒழுங்கு இருக்கிறது. அம்பாறை அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. இந்த ஒழுங்கினால் நம்முடைய பிள்ளைகள் பலர் உள்ளே போயிருக்கிறார்கள். ஆனால் உள்ளே போவதற்குத்தான் மாவட்ட ஒதுக்கீடு உண்டு. உள்ளே போனபின் முன்னேறுவதற்கு இல்லை. எந்தப் பரீட்சையை எப்போது எழுதுவது, எந்தப் பயிற்சி நிலையத்தில் நல்ல அனுபவம் கிடைக்கும், எந்த விசேட வைத்திய நிபுணர் பொறுமையாகச் சொல்லித் தருவார் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தாயும் தகப்பனும் வைத்தியராக இருக்கும் கொழும்புப் பிள்ளைக்கு அது இராச்சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடும். வாப்பா வயலிலும் கடலிலும் உழைத்து வளர்த்த பிள்ளைக்கு அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அந்தப் பிள்ளைக்கு அது உடன் வேலை செய்பவர்களிடமிருந்துதான் வரவேண்டும்.

உறவு என்றதும் சிலருக்கு முகம் சுளிக்கும். "பந்தம் பிடிக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. பந்தம் பிடிப்பவர் மேலே மட்டும் பார்ப்பார். தனக்கு உதவக்கூடியவர் வரும்போது எழுந்து நிற்பார். தரை துடைக்கும் சிற்றூழியர் வந்தால் காலைக்கூட நகர்த்தமாட்டார். அமைச்சரின் கடிதத்தை வைத்து இடமாற்றம் வாங்குபவரும் உறவை வளர்த்தவர் அல்லர், அவர் கடனாளி. நான் சொல்லும் உறவு, ஒன்றாக வேலை செய்ததால் ஒருவர்மேல் ஒருவருக்கு வரும் நம்பிக்கை. அது மேலேயும் போகும், கீழேயும் போகும், பக்கத்திலும் போகும்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. ஒரு பிரதேசத்துக்குப் பொறுப்பாக ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவரோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தாதி, மருத்துவ மாது என்று ஓர் அணி. அந்த முறைதான் பின்னர் நாடு முழுவதும் பரவியது. 1930களில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மாரை நாம் இழந்துகொண்டிருந்தோம். இன்று அந்த எண்ணிக்கை 30ஐ ஒட்டி நிற்கிறது. மலேரியா ஒழிப்பு, இலவசக் கல்வி, மருந்துகள், வீதிகள் எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஆனாலும் நடுவே நின்றவர் மருத்துவ மாதுதான். ஒரு வீட்டில் பிள்ளை உண்டாகியிருப்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். அந்தத் தாய்க்கு முன்னைய பிரசவத்தில் இரத்தப் பெருக்கு ஏற்பட்டதா, வீட்டில் யார் சொன்னால் வைத்தியசாலைக்கு வர உடன்படுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். நான் எத்தனை பட்டம் பெற்றாலும் அந்த அறிவு எனக்கு அவர் மூலமாகத்தான் வரும். ஒரு தாய் இறந்தால் வைத்திய நிபுணரும் மருத்துவ மாதுவும் ஒரே மேசையில் இருந்து, எங்கே தடங்கல் ஏற்பட்டது என்று ஆராயும் வழக்கம் நம் நாட்டில் இருக்கிறது. அங்கே ஒரு மருத்துவ மாது பயமின்றி வாய் திறக்க வேண்டுமானால், அந்தக் கூட்டத்துக்கு முன்னரே அவரை மதித்துப் பேசியிருக்க வேண்டும்.

இனி, தங்கைகள் நாளைக்கே செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பெயர். உடன் வேலை செய்யும் ஒவ்வொருவரின் பெயரையும் அறிந்துகொள்ளுங்கள். உங்கள் பெயரையும் சொல்லுங்கள். இது வெறும் மரியாதை மட்டும் அன்று. உலக சுகாதார நிறுவனம் 2008இல் சத்திரசிகிச்சைக்கான பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. கத்தி வைப்பதற்கு முன்னர், கூடத்திலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். எட்டு நாடுகளின் எட்டு வைத்தியசாலைகளில் அந்தப் பட்டியலைப் பரீட்சித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். பாரிய சிக்கல்கள் 11 வீதத்திலிருந்து 7 வீதமாகவும், மரணங்கள் 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகவும் குறைந்திருந்தன. பட்டியலில் வேறு பல அம்சங்களும் உண்டு. பெயர் சொன்னதால் மட்டும் உயிர் பிழைத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒருமுறை பெயர் சொல்லி வாய் திறந்த இளம் தாதி, பிறகு ஒரு தவறைக் கண்டால் மறுபடியும் வாய் திறப்பார்.

இரண்டாவது, தொலைபேசி. பொத்துவிலிலிருந்து ஒரு நோயாளியை மேல் சிகிச்சைக்கு அனுப்புவது என்றால் என்னவென்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். வடக்கே அக்கரைப்பற்று, கல்முனை என்று போக வேண்டும். அல்லது லாகுகலைக் காட்டு வழியே, யானை நிற்குமோ என்று பார்த்துப் பார்த்து மொனராகலைக்குப் போக வேண்டும். அம்புலன்ஸ் புறப்படுமுன் அங்குள்ள வைத்தியரோடு பேசும் அந்த மூன்று நிமிடம் மிகவும் பெறுமதியானது. நான் யார், நோயாளிக்கு என்ன, இதுவரை என்ன செய்தேன், உங்களிடம் என்ன வேண்டும் என்று இந்த வரிசையில் சுருக்கமாகச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம் அடுத்த நாள் எடுக்கும் அழைப்பு. "நேற்று அனுப்பிய தாய் எப்படி? உங்கள் உதவிக்கு நன்றி" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்பவரின் பெயர் மறுமுனையில் மறக்காது. தூரத்து வைத்தியசாலையில் வேலை செய்கிறேன், என்னை யாருக்குத் தெரியும் என்று கவலைப்படும் தங்கைகளே, தூரத்தில் இருப்பவருக்குத்தான் இந்தத் தொலைபேசி உறவு அதிகம் வாய்க்கிறது.

மூன்றாவது, மொழி. நம்மில் பலர் முதல் நியமனத்தில் சிங்களப் பிரதேசத்துக்குப் போகிறோம். அரச சேவையில் இரண்டாம் மொழித் தேர்ச்சி தேவை என்பதால் பரீட்சைக்காகப் படிக்கிறோம். பரீட்சைக்குப் படித்த மொழியில் நோயாளியை விசாரிக்கலாம். ஆனால் தேநீர் குடிக்கும் நேரத்துப் பேச்சில் சேர முடியாது. பிழையாகப் பேசினாலும் பேசுங்கள். சிரித்தால் நீங்களும் சேர்ந்து சிரியுங்கள். அவர்களுக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் சொல்லிக் கொடுங்கள். நோயாளி தமிழில் அழும்போது அந்த இரண்டு சொற்கள் அவர்களுக்கும் உதவும்.

நான்காவது, மூத்தோர். உள்ளகப் பயிற்சி முடிந்து முழுப் பதிவு பெறவும் மூத்தவரின் சான்று வேண்டும். பட்ட மேற்படிப்பு மருத்துவ நிறுவகத்தின் பரீட்சையில் தேறியபின் வெளிநாட்டில் பயிற்சி இடம் தேடும்போதும் அவருடைய கடிதம் வேண்டும். கடிதம் தேவைப்படும் வாரத்தில் போய் நிற்காதீர்கள். உங்கள் வேலையை அவர் பார்த்திருந்தால்தான் அதில் எழுத அவரிடம் ஏதாவது இருக்கும். "சேர், எனக்கு வழிகாட்டுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் அவருக்கும் என்ன சொல்வதென்று தெரியாது. "இந்த நோயாளியைப் பற்றி அடுத்த மாதக் கூட்டத்தில் பேச விரும்புகிறேன், பத்து நிமிடம் பார்த்துத் திருத்தித் தருவீர்களா" என்று கேளுங்கள். சொன்ன நாளில் முடித்துக் கொடுங்கள். பேசும்போது அந்த நோயாளிக்காக இரவு முழுவதும் விழித்திருந்த தாதியின் பெயரையும், ஆய்வுகூடத்தில் முடிவை விரைந்து தந்தவரின் பெயரையும் சொல்லுங்கள். பெருமையைப் பங்கிட்டால் குறையாது.

கீழே உள்ளவர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதும் இப்போது ஏட்டில் ஏறுகிறது. பிரித்தானியாவில் இளம் வைத்தியர்களின் பயிற்சியில், உடன் வேலை செய்யும் தாதி, மருந்தாளர் போன்றோரிடம் கருத்துக் கேட்டுப் பதிவது கட்டாயம். நம் நாட்டுப் பட்ட மேற்படிப்புப் பயிற்சியிலும் அத்தகைய மதிப்பீடு வந்துள்ளது.

ஐந்தாவதை நம்முடைய பெண்பிள்ளைகளுக்கென்று சொல்கிறேன். ஆண்கள் மாலையில் ஒன்றாகப் பந்து விளையாடுகிறார்கள், இரவில் விருந்துக்குப் போகிறார்கள். பல முடிவுகள் அங்கேதான் உருவாகின்றன. நம்மில் பலர் அங்கே போவதில்லை. போக வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் "வரமாட்டேன்" என்பதோடு நின்றுவிட்டால் நம்மை மறந்துவிடுவார்கள். பகலில் நடக்கும் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். காலைத் தேநீருக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நோன்புப் பெருநாளைக்கு வட்டிலப்பம் கொண்டுபோனால் வைத்திய நிபுணரின் அறைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். வாயிற்காவலருக்கும் ஒரு துண்டு வையுங்கள். எல்லை எங்கே என்பதைத் தெளிவாக, ஒரே மாதிரியாக, சிரித்த முகத்தோடு வைத்திருங்கள். தெளிவாக இருப்பவரை யாரும் தலைக்கனம் பிடித்தவர் என்று சொல்வதில்லை.

இந்த உறவுகள் பதவி உயர்வுக்கு மட்டும் உரியவை அல்ல. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பின் வந்த மாதங்கள் நினைவிருக்கும். நான் அப்போது வேறொரு மாகாணத்தில், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு வைத்தியசாலையில் கடமையில் இருந்தேன். நான் நுழைந்ததும் தேநீர் அறையில் பேச்சு நிற்கும். சில குடும்பங்கள் வேறு டொக்டர் வேண்டும் என்றன. வேலையை விட்டு ஊருக்கு வந்துவிடு என்று உம்மா ஒவ்வொரு இரவும் தொலைபேசியில் அழுதா. எங்கள் வாட்டின் பொறுப்புத் தாதி என்னைவிடப் பதினைந்து வயது மூத்த சிங்களப் பெண்மணி. அவர் பஸ் தரிப்பிடத்தில் எனக்காகக் காத்து நின்றார். "வா நங்கி, சேர்ந்து போவோம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு வாயிலால் நடந்தார். மூன்று வாரம் அப்படிச் செய்தார். என்னை மறுத்த குடும்பம் ஒன்றிடம், "உங்கள் மகளுக்காக நேற்றிரவு தூங்காமல் இருந்தவர் இவர்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஏன் செய்தார்? நான் அவருக்குப் பெரிய உதவி எதுவும் செய்ததில்லை. இரண்டு வருடம் ஒன்றாக இரவுக் கடமை பார்த்திருந்தோம். அவர் அழைத்தால் முதல் மணியிலேயே எடுப்பேன். மருந்தை வாசிக்கக்கூடியதாக எழுதுவேன். அவர் ஒரு நோயாளியைப் பற்றிக் கவலைப்பட்டால் எழுந்து போய்ப் பார்ப்பேன். அவ்வளவுதான். நெருக்கடி வந்த அன்று தேடிப் போய் அப்படி ஓர் உறவை உண்டாக்கியிருக்க முடியாது. அவர் இல்லாவிட்டால் நான் அந்த வருடமே ஊர் திரும்பியிருப்பேன். என் மேற்படிப்பும் அதோடு நின்றிருக்கும்.

கடைசியாக நமது சங்கத்துக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அறிந்தவர் மூலம் புதிய வேலை கிடைத்தவர்களிடம், அந்த அறிந்தவரை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை சந்திப்பீர்கள் என்று கேட்டார். ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டோர் எப்போதாவது, அல்லது மிக அரிதாக என்றார்கள். காரணம் எளிது. தினமும் பார்க்கும் நண்பிக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். தூரத்தில் இருப்பவருக்குத்தான் நமக்குத் தெரியாத செய்தி தெரியும்.

பழைய மாணவியர் சங்கம் என்பது அப்படிப்பட்ட தூரத்து அறிமுகங்களின் கூட்டம். மெல்பேணிலும் இலண்டனிலும் ரியாத்திலும் இருக்கிறீர்கள். வருடத்துக்கு ஒருமுறைகூடப் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஒரே மண்டபத்தில் காலைக்கூட்டத்துக்கு நின்றவர்கள். ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். கட்டிடத்துக்கும் வாயிலுக்கும் நிதி சேர்ப்பதோடு, தொழில்வாரியாக ஒரு பட்டியல் தயாரிப்போம். அதில் பெயர் தரும் ஒவ்வொருவரும் ஒரே ஒரு வாக்குறுதி கொடுத்தால் போதும்: வருடத்தில் ஒரு மாணவியின், அல்லது புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தங்கையின் தொலைபேசி அழைப்புக்கு அரை மணிநேரம் ஒதுக்குவேன் என்று. பணம் வேண்டாம், சிபாரிசு வேண்டாம். எந்தப் பரீட்சை, எந்த வழி, எங்கே கவனம் என்று சொன்னால் போதும். வீட்டில் சொல்ல ஆள் இல்லாத பிள்ளைக்கு நாம் அந்த ஆளாக இருப்போம்.

அந்தப் பட்டியலில் முதல் பெயராக என் பெயரை இன்றே எழுதித் தருகிறேன். இந்த மலரை எங்கோ ஒரு நாட்டில் இருந்து வாசிக்கும் சகோதரி, உங்கள் பெயரையும் செயலாளருக்கு அனுப்பிவையுங்கள்.

நமது கல்லூரி அன்னை நீடூழி வாழ்க. அவளுடைய பிள்ளைகள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக.