தண்டாலுக்குப் பின் வரும் வலி

தண்டால், பஸ்கி போன்ற பயிற்சிகளால் வரும் தசைவலி பெரும்பாலும் அன்றே தெரிவதில்லை. 12 முதல் 24 மணி நேரம் கழித்துத் தலைகாட்டி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சமடைந்து, ஒரு வாரத்துக்குள் தணிகிறது. லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. பயிற்சி முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அதன் அளவு இயல்புக்குத் திரும்பிவிடுகிறது. தசை இழைகளில் உண்டாகும் நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியுமே முக்கியக் காரணங்கள். 1902-இலேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் தசைக்குள் நேரும் கிழிசலைச் சுட்டிக்காட்டினார்.

பாரத்தைத் தாங்கியபடி தசை நீளும் கட்டமே அதிகச் சேதம் தருவது. தண்டாலில் மார்பு தரையை நோக்கி இறங்குவதும், பஸ்கியில் உட்காருவதும் அத்தகையவை.

ஒருமுறை வலித்த தசை, அதே பயிற்சியை அடுத்த சில வாரங்களுக்குள் செய்தால் முன்போல் வலிப்பதில்லை. ஆகவே வலி திரும்பத் திரும்ப வருவது, எண்ணிக்கை திடீரென்று கூடியதையோ இடைவெளி நீண்டுவிட்டதையோ பெரும்பாலும் காட்டுகிறது. தண்டாலைச் சுவரில் கையூன்றித் தொடங்கி, படிப்படியாகக் கூட்டுவதே நல்ல வழி. வலிக்கும் தசைக்கு ஓரிரு நாள் ஓய்வும், மெதுவான நடையும் இதம் தரும். தசையை இழுத்து நீட்டுவதால் பலன் மிகக் குறைவு.

மூட்டில் குத்தும் வலி, ஒரு வாரம் தாண்டியும் நீடிக்கும் வலி ஆகியவற்றுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடும் வலியோடு சிறுநீர் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ போனால், சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்குச் செல்வது அவசியம்.