லுங்கி கேட்டவர்கள் சொல்லாதது

(தூத்துக்குடியில் இளைஞர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போவதை நம்ம ஊரில் 'மனு பார்க்கப் போறது' என்பார்கள். பெற்ற மகனைப் பார்க்க அம்மா மனு போட வேண்டும். சரி, சிறை வீட்டுக்கு என்ன சொல்ல வேண்டும்? அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

2020 ஜூன் 19 இரவு, சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு வெளியே நின்ற ஜெயராஜ், பென்னிக்ஸ் வீட்டாரிடம் உள்ளேயிருந்து மாற்று லுங்கி கேட்டார்கள். ரத்தத்தில் நனைய நனைய மறுபடியும் கேட்டார்கள், அடர்நிறத்தில் கேட்டார்கள் என்று குடும்பத்தினர் சொன்னது நாடு முழுக்கச் செய்தியானது. மறுநாள் ரிமாண்ட். மாவட்டத்தின் தெற்கிலிருந்து வடக்கே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி, கோவில்பட்டி கிளைச் சிறை. கொரோனாவால் நேர்காணல் நிறுத்தப்பட்டிருந்த காலம். 22 இரவு மகன், 23 விடியற்காலை தந்தை. இருவரும் இறந்துபோனார்கள்.

காயத்தோடு வரும் கைதியின் நிலை அன்றே வீட்டுக்குத் தெரிந்தால், ஒரு வக்கீல் ஓடுவார், உயர்நீதிமன்றத்துக்கு மனு போகும். உயிர் தப்ப சில சமயம் அந்த ஒரு நாள் போதும்.

கைது செய்தால் வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று 1996-லேயே டி.கே. பாசு தீர்ப்பு வந்துவிட்டது. காவல் நிலையப் பலகையில்கூட எழுதியிருக்கும். சிறைக்குள் போன பிறகு? ஐ.நா.வின் மண்டேலா விதிகள் (2015), 68-வது விதி: சிறை மாற்றினாலும், கடும் நோயோ காயமோ வந்தாலும் உடனே குடும்பத்துக்குத் தெரிவிக்கக் கைதிக்கு உரிமை உண்டு.

ஸ்ரீவைகுண்டம் கிளைச் சிறையிலிருந்து பாளையங்கோட்டைக்கு மாற்றப்பட்ட முத்துமனோ என்ற பட்டியல் சாதி இளைஞர், 2021 ஏப்ரல் 22 அன்று சக கைதிகளால் தாக்கிக் கொல்லப்பட்டார். குடும்பத்தினர் இரண்டு மாதங்களுக்கு மேல் உடலை வாங்கவில்லை. ஏன் மாற்றினீர்கள், யார் இருக்கும் இடத்தில் விட்டீர்கள்? அவர்கள் கேட்டது இவ்வளவுதான்.

இதே பாளையங்கோட்டையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததைத்தான் 2024 அக்டோபர் 3-ல் சுகன்யா சாந்தா வழக்கில் உச்சநீதிமன்றம் பேசியது. கைதிப் பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. இத்தனை காலம் ஒருவரின் சாதியைத் தவறாமல் கேட்டு எழுதிய கைக்கு, அவர் வீட்டு நம்பரைச் சுழற்றத் தெரியாதா?

காலியான அந்தக் கட்டத்தில் இன்னொன்றை எழுதச் சொல்வோம்: மாற்றம், மருத்துவமனை, காயம் பற்றி வீட்டுக்குச் சொன்ன தேதியும் நேரமும். உங்கள் தெருவில் யாரையாவது ரிமாண்ட் செய்தால், எந்தச் சிறை என்று நீதிமன்றத்திலேயே கேளுங்கள். உடம்பில் காயம் இருந்தால் அங்கேயே எழுதச் சொல்லுங்கள். வீட்டு நம்பரை வக்கீல் மூலம் எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீதும் வாங்குங்கள்.