சாவியைத் தந்தவர் யார்?



ஆண்டு விழாவில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். நாமும் பழங்கதை ஒன்றிலிருந்தே தொடங்குகின்றோம். திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் சிக்கிப் பசுங்கன்று மாண்டது. மனுநீதிச்சோழன் தன் மைந்தனையே தேர்க்காலில் இட்டு நீதி செய்தான் என்பர். அவன் சிலை சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கின்றது. ஆயினும் அக்கதையில் எவரும் கேளாத வினா ஒன்று உண்டு. அப்பிள்ளையின் கையில் தேரைக் கொடுத்தவர் யார்?

இன்றைய சட்டம் அதைக் கேட்கின்றது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2021 நவம்பர் 30 அன்று 15 வயது மாணவன் ஒருவன் தன் பள்ளியில் 4 மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கியை வாங்கித் தந்தவர் தந்தை. 2024-இல் தாய், தந்தை இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நம் நாட்டின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ, 21 வயது நிரம்பாதவர் துப்பாக்கி வைத்துக்கொள்வதையே பொதுவாகத் தடுக்கின்றது. நம் வீடுகளில் துப்பாக்கி ஏது? ஆனால் வாயிற்கதவின் அருகே ஆணியில் வண்டிச் சாவி தொங்குகின்றது.

மகர்பட்டாவிலிருந்து முண்ட்வா வழியே சென்று ஆற்றைக் கடந்தால் கல்யாணி நகர். அங்கே 2024 மே 19 அன்று விடியுமுன், 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்படும் கார் மோதி, மோட்டார் சைக்கிளில் சென்ற பொறியாளர் இருவர் மாண்டனர். இருவருக்கும் வயது 24. மத்தியப் பிரதேசத்திலிருந்து, நம்மைப் போலவே பிழைப்பை நாடி இவ்வூர் வந்தவர்கள். சிறுவனுக்கு அன்றே பிணை கிடைத்தது; நிபந்தனைகளுள் ஒன்று 300 சொற்களில் கட்டுரை. நாடு வெகுண்டது, நாமும் வெகுண்டோம். ஆனால் இரண்டே நாளில் தந்தை ஏன் கைதானார் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவு கூறுவதைக் கேளுங்கள். சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளரும் குற்றவாளியே. அவர் இசைவுடன்தான் ஓட்டினான் என்றே நீதிமன்றம் கொள்ளும். தமக்குத் தெரியாது என்றோ, தடுக்க ஆவன செய்தோம் என்றோ மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையது. மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஓராண்டுக்கு வண்டியின் பதிவு ரத்து. காப்பீட்டு நிறுவனமும் தான் கொடுத்த இழப்பீட்டை உரிமையாளரிடமே திரும்பக் கேட்கக் கூடும்.

"உரிமையாளர்" என்ற சொல்லைச் சற்றே கவனியுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையிடம், "தம்பி, என் ஸ்கூட்டரை எடுத்துப்போய் ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கி வா" என்கிறோமே, அப்போது அவன் தந்தைக்கு முன் நாமே பதில் கூற வேண்டியவர்கள். கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது மாமன் வயலோரத்தில் ஓட்டப் பழக்கிவிட்டார் என்று பெருமை பேசுவோரும் நம்மிடையே உண்டு. அம்மாமனைக் குறை கூறோம். ஆனால் அவர் பழக்கிய வயலோரத்தில் லாரி வாராது.

16 வயதிலேயே உரிமம் உண்டே என்பர் சிலர். உண்டு, கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். நம் வீடுகளில் நிற்பவையோ 110, 125 சி.சி. வண்டிகள். டியூஷனுக்கு நேரமாகிறது என்று நாம் சாவியை நீட்டுகின்ற பிள்ளை பிடிபட்டால், 25 வயது வரை அவனுக்கு உரிமம் கிடையாது. பட்டம் பெற்று, வேலையில் அமர்ந்து, ஒருகால் மணமும் முடிந்து, அதன் பின்னும் தந்தையின் பின்னிருக்கையில் அமர்ந்துதான் அவன் அலுவலகம் செல்ல வேண்டியிருக்கும்.