வாசலில் நிற்கும் கம்பமும் அதைத் தாங்கும் கம்பியும்

(கீரிமலையில் நடந்த குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)



தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குக் கீரிமலைக் கடற்கரையில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வடக்கே வந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அவர்களுடைய சொந்தங்கள் இன்றும் லயத்தில்தான் இருக்கிறார்கள். கீரிமலை மக்களும் 1990இல் இடம்பெயர்ந்து, முகாமிலும் சொந்தக்காரர் வீட்டிலும் காலம் தள்ளி, திரும்பி வந்து வீடு கட்டியவர்கள். லயமானாலும் மீள்குடியேறிய வீடானாலும், கரண்ட் கம்பம் எங்கே நிற்க வேண்டும் என்று பெரும்பாலும் நம்மிடம் கேட்பதில்லை. ஆனால் அதன் அடியில் விளையாடுவது நம் பிள்ளைகள்.

கம்பத்தின் உச்சியிலிருந்து சாய்வாக இறங்கி மண்ணுக்குள் போகும் கம்பியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதுதான் தாங்குகம்பி, ‘ஸ்டே’ என்பார்கள். லைன் முடிகிற இடத்திலும் திரும்புகிற இடத்திலும் மின்கம்பிகள் கம்பத்தை ஒரு பக்கமாக இழுக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிப்பதுதான் இதன் வேலை. இதை அறுத்தாலோ தளர்த்தினாலோ கம்பம் சாயும்.

தாங்குகம்பியில் கரண்ட் ஓடக்கூடாது. அதற்காகத்தான் மேலே, கைக்கு எட்டாத உயரத்தில், முட்டை வடிவத்தில் ஒரு பீங்கானை இடையில் கோர்க்கிறார்கள். மேலே ஏதாவது கோளாறில் கரண்ட் பாய்ந்தாலும் கீழே இறங்காமல் அது தடுக்கும். அந்தப் பீங்கான் உடைந்திருந்தால், அல்லது போடாமலே விட்டிருந்தால், ஈர மண்ணில் வெறுங்காலோடு அந்தக் கம்பியைப் பிடிப்பவர் கதி என்ன? வீட்டுக்கு வருவது 230 வோல்ட். உயிரை எடுக்க அதுவே தாராளம். உயர் அழுத்த லைன்களில் ஓடுவது 11,000 அல்லது 33,000 வோல்ட்.

கீரிமலையில் கடற்காற்று இரும்பைச் சும்மா விடாது. கம்பியின் நாகப் பூச்சு கரைந்ததும் துரு ஏறும். வெளியே நன்றாகத் தெரிகிற கம்பி, மண்ணுக்குள் இற்றுப்போயிருக்கலாம். இன்னொன்று, இங்கே வேலி முள்ளுக்கம்பி அல்லது தகரம். தாங்குகம்பி வேலியில் முட்டிக்கொண்டு நின்றால், ஒரு கம்பத்தின் கோளாறு வேலி நீளத்துக்கும் ஓடும். அடுத்த வளவில் நிற்கும் ஆட்டுக்கும் பிள்ளைக்கும் அது தெரியாது.

மலையில் ஆபத்து வேறு விதம். மரக்கறிப் பாத்திக்காகவும் குசினியை நீட்டவும் சரிவை வெட்டும்போது கம்பத்தின் அடி மண்ணும் போய்விடும். மழையில் கம்பம் சாயும். சாய்ந்த கம்பம் இன்னொரு செய்தியையும் சொல்லலாம். கம்பமும் மரமும் ஒரே பக்கம் சாய்வது, நிலம் வெடிப்பது, புதிதாக நீர் ஊறுவது, இவையெல்லாம் மண்சரிவுக்கு முன் தெரியக்கூடிய அறிகுறிகள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. மழை நாளில் கம்பம் சாய்ந்தால், கரண்டுக்கு 1987 எண்ணுக்குச் சொல்லுங்கள். நிலமும் வெடித்திருந்தால் வீட்டை விட்டு வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் சொல்லுங்கள்.

தாய்மாரே, துணி காயப்போடும் கொடியைத் தாங்குகம்பியில் கட்டாதீர்கள். ஆடு மாட்டைக் கட்டாதீர்கள். பூசணி, அவரைக் கொடியை ஏறவிடாதீர்கள். பிள்ளைகள் அதில் தொங்கி ஆட வேண்டாம். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருப்பதால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். அது வீட்டுக்குள் நடக்கும் கோளாறுக்குத்தான். வெளியே கம்பத்தில் நடப்பதை அது தடுக்காது.

லைன் அறுந்து விழுந்தால் 10 மீற்றருக்குள் யாரும் போகக்கூடாது. நிலத்திலும் கரண்ட் பரவியிருக்கும். அருகில் மாட்டிக்கொண்டவர் ஓடாமல், இரண்டு பாதங்களையும் ஒட்டியபடி தரையோடு தேய்த்துத் தேய்த்து விலக வேண்டும். ஒருவரைக் கரண்ட் பிடித்தால் அவரைத் தொடாதீர்கள். வீட்டுக்குள் என்றால் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். வெளி லைன் என்றால் 1987க்கு அறிவித்து, கரண்ட் நிறுத்தப்பட்டது உறுதியான பிறகே நெருங்குங்கள். அம்புலன்சுக்கு 1990.

இனி நம் உரிமை. தோட்டத்தில் முறையிட்டால், அது மின்சார சபை வேலை என்பார் துரை. சபையிடம் போனால், அது தோட்டத்துக் காணி என்பார்கள். இந்தப் பந்தாட்டத்தில் கம்பம் மட்டும் நம் வாசலில் சாய்ந்தபடி நிற்கும். வாயால் சொன்ன முறைப்பாட்டுக்குச் சாட்சி கிடையாது. ஆகவே எழுதிக் கொடுங்கள். கம்பத்தில் எண் இருந்தால் எண், இடம், திகதி, என்ன கோளாறு, படம் எல்லாம் சேருங்கள். மின்சார சபையின் பிரதேச அலுவலகத்துக்கு ஒன்று, தோட்ட முகாமையாளருக்கு ஒன்று, கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலாளருக்கும் பிரதிகள். பதில் வராவிட்டால், 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இருக்கிறது. 1969இல் தொடங்கிய மின்சார சபையைப் பிரிக்க 2024இல் புதிய சட்டம் வந்தது. பெயர்ப்பலகை மாறலாம், பொறுப்பு மாறக்கூடாது.

நாம் கேட்பது பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு லயத்திலும் குடியிருப்பிலும் தாங்குகம்பிகளைப் பரிசோதிக்க வேண்டும். நடைபாதையிலும் விளையாடும் இடத்திலும் உள்ளவற்றை மாற்ற வேண்டும். வெற்றுக் கம்பிக்குப் பதிலாக உறையிட்ட முறுக்குக் கேபிள் வேண்டும்.

விடியுமுன் இருட்டில் பெரட்டுக்குப் போகும் பெண், கம்பத்தைத் தாண்டும்போது பயப்படாமல் நடக்க வேண்டும். இந்த வாரமே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மாதர் சங்கமும் தங்கள் கம்பங்களைச் சுற்றிப் பார்த்து, கோளாறுகளைப் பட்டியல் எடுங்கள். பட்டியலை எங்களிடம் தாருங்கள். சங்கம் உங்களோடு வரும்.