கைக்குழந்தையின் மதமும் தாசில்தாரின் முத்திரையும்

(பள்ளிபாளையத்தில் நடந்த மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிளஸ் டூ முடிச்சதும் நாம முதல்ல ஓடுறது தாலுகா ஆபீசுக்கு. சாதிச் சான்றிதழ் வாங்க. சாதியை நாம தேர்ந்தெடுக்கல. பிறக்கும்போதே நம்ம தலையில் சுமத்தினார்கள். மதத்தைத் தேர்ந்தெடுக்கலாம், அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு உரிமை கொடுத்திருக்கு. ஆனா அந்த உரிமைக்கு விலை என்ன?

1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 14-இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். அந்த மக்களை மத்தியப் பட்டியலில் சேர்த்தது 1990-இல். 34 வருஷம்! அன்னிக்குத் தாயின் இடுப்பில் இருந்த குழந்தைக்கு அதற்குள் அரசு வேலைக்கான வயசே போயிருக்கும். தலித் கிறிஸ்தவருக்கும் தலித் முஸ்லிமுக்கும் இன்னும் அந்தக் கதவு திறக்கவில்லை. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தையும் பட்டியலையும் பிரிக்கச் சொல்லியும் திறக்கவில்லை.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. புதுச்சேரியில் எழுத்தர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட பெண்ணின் வழக்கு. அவர் கைக்குழந்தையா இருந்தப்போ நடந்த ஞானஸ்நானத்தை ஆதாரமாக் காட்டினாங்க. தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் வேலைக்காக மட்டும் இந்து என்கிறார், இது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்று சொல்லி நீதிமன்றம் மறுத்துவிட்டது. நான் கேட்கிறேன்: இரண்டு மாதக் குழந்தை எந்த மதத்தை, எந்தச் சாதியைத் தேர்ந்தெடுத்தது?

இது நம்ம நாட்டுக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1776-இல் எழுதிய அரசியல் சட்டம், அரசுப் பதவிக்கு வருகிறவர் கிறிஸ்தவ நம்பிக்கையை அறிவிக்க வேண்டும் என்றது. யூதர் கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. ஆனா யூதக் குழந்தை படித்து வளர்ந்து பதவி வாசலுக்கு வந்தால், மதத்தை விடு இல்லை பதவியை விடு என்றார்கள். தாமஸ் கென்னடி என்கிற கிறிஸ்தவச் சட்டமன்ற உறுப்பினர் 1818 முதல் போராடினார். அதனாலேயே 1823 தேர்தலில் தோற்றார். மறுபடி ஜெயித்து வந்து, 1826-இல் யூதருக்குக் கதவைத் திறக்க வைத்தார். பாதிக்கப்படாதவர் கொடுத்த குரல் அது. நம்மூர்ச் சட்டமன்றத்தில் அப்படி எத்தனை கென்னடிகள்?

'கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே, அப்புறம் எதுக்குச் சலுகை?' என்கிறார்கள். அப்படியானால் திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவங்களுக்கு நடுவே சுவர் ஏன் எழுந்தது? ஊர்க்காரன் சேரிக்காரனை அடிக்கும்போது, நீ சிலுவை போட்டவனா, விபூதி பூசினவனா என்று விசாரித்தா அடிக்கிறான்? ஆனா அடிபட்டவன் கிறிஸ்தவன் என்றால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவனுக்கு உதவாது.

ஆகவே, சர்ச்சைப் பார்த்தும் கேட்போம்: சுவரை இடி. அரசைப் பார்த்தும் கேட்போம்: எங்க இழிவை அளக்கணுமா, சேரியில் வந்து அள, பூசை அறையில் வந்து அளக்காதே.

பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பணயம் வைத்துத் தருகிற மதச் சுதந்திரம் சுதந்திரமே இல்லை, தோழர்களே. இதை உங்க ஹாஸ்டலில், தறிப்பட்டறையில், தேநீர்க் கடையில் பேசுங்க. பேசப் பேசத்தான் சுவர் அசையும்.

ஜெய்பீம்!