வீட்டைக் கட்டுமுன் கயிற்றைக் கட்டுங்கள்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

சம்பளத்தைப் பற்றியும் போனசைப் பற்றியும் இம்மேடையில் பலர் பேசிவிட்டார்கள். நான் இன்று பேச வந்தது வீட்டைப் பற்றி. சொந்த நிலத்தில், சொந்தப் பணத்தில் நீங்கள் கட்டப் போகும் மாடியில்லாத வீட்டில், எந்த அறை எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பற்றி.

இது சிறிய விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள். நம் பாட்டன்மார் பத்தடி அறையும் அஞ்சடியும் கொண்ட லயத்தில் பிள்ளை பெற்று வளர்த்தார்கள். தோட்டத்து வீட்டுக்கு 1966ஆம் ஆண்டில் ஒரு குறைந்தபட்ச வசதிச் சட்டம் வந்தது. 1990இல் அதற்குப் பதிலாக 446ஆம் சட்டம் வந்தது. வீடு ஓரளவு திருந்தியது. ஆனால் வேலை நின்றால் அந்த வீட்டைக் காலி செய்யத்தானே வேண்டும்? ஆகவே நாம் கட்டும் வீடு ஒரே ஒரு முறை கட்டும் வீடு. ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் முதல் மூன்று கணக்குகள் உள்ளன. வீட்டுக்கென்று செஜாத்ரா கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். எடுத்த பணம் முதுமைக்கு வைத்த பணம். அதைக் கொட்டிச் சுவர் எழுப்பிய பிறகு, "கதவை அந்தப் பக்கம் வைத்திருக்கலாமே" என்று வருந்திப் பயனில்லை.

நம்மவர் செய்யும் காரியம் என்ன? கண்டிராக்டர் ஒரு தாளை நீட்டுகிறார். முன்னால் பெரிய ஹால், பின்னால் இருட்டறைகள், மூலையில் ஒரு சமையற்கட்டு. "நல்லாயிருக்கு" என்று கையெழுத்துப் போடுகிறோம். ஹாலில் விருந்தாளி அமர்வது வருஷத்தில் எத்தனை நாள்? சமையற்கட்டில் நம் தாய்மார்கள் நிற்பது ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம்? இதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். கிழக்கு மேற்காக 32 அடி நீளம், வடக்கு தெற்காக 24 அடி அகலம். மொத்தம் 768 சதுர அடி. வீதி கிழக்கே இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். வீட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிரியுங்கள். வடபுறம் 11 அடி, தென்புறம் 13 அடி.

வடபுறத்தில் மூன்று படுக்கையறைகள் வரிசையாக வரட்டும். முன்னறை 12 அடி, மற்ற இரண்டும் பத்துப் பத்து அடி. தென்புறத்தில் முதலில் ஹால் 16 அடி, அடுத்துச் சமையற்கட்டு 11 அடி, மேற்குக் கோடியில் 5 அடி அகலத்தில் குளியலறையும் கழிவறையும் தனித்தனியாக. முன்னறையும் நடு அறையும் ஹாலில் திறக்கும். பின்னறை சமையற்கட்டில் திறக்கும். இதில் நடைவழி என்று தனியாக ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மூன்றடி அகலத்தில் இருபதடி நடைவழி வைத்தால் 60 சதுர அடி போயிற்று. யாரும் படுக்காத, யாரும் சமைக்காத இடத்துக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

ஏன் இந்த ஒழுங்கு? நம் நாட்டில் பூமத்திய ரேகை பக்கத்தில் இருக்கிறது. உச்சி வெயிலைக் கூரை தாங்கிக்கொள்ளும். வடக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் மூன்றடி இறவாரம் காப்பாற்றும். ஆனால் பிற்பகல் வெயில் சாய்ந்து வந்து மேற்குச் சுவரைச் சுடும். இரவு படுக்கும்போதும் அந்தச் சூடு தணியாது. ஆகவே மேற்கே குளியலறையை வையுங்கள், ஈரமும் காயும். பின்னறையின் மேற்குச் சுவரில் ஜன்னல் வேண்டாம். அலமாரியை அங்கே சாத்துங்கள். ஜன்னல் வடக்கே இருக்கட்டும்.

பின்னறை யாருக்கு? வயதான தாய் தந்தை இருந்தால் அவர்களுக்கு. இரவில் எழுந்தால் நாலெட்டில் கழிவறை. வழியில் படி இருக்கக்கூடாது. வழுக்கும் தளக்கல்லும் கூடாது. பெரியவர்கள் இல்லையானால், விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவர்களுக்கு. அவர்கள் எழுந்து, குளித்து, கோப்பி குடித்து, பின்வாசல் வழியே போய்விடலாம். பிள்ளைகளின் தூக்கம் கெடாது. குளியலறையும் கழிவறையும் தனித்தனியாக இருக்கச் சொன்னதும் இதற்காகத்தான். காலை ஐந்து மணிக்கு ஒருவர் கதவைத் தாழிட்டால் மற்றவர் வாசலில் நிற்கக்கூடாதல்லவா?

சமையற்கட்டின் தெற்குச் சுவரில் பின்வாசல். அதற்கு வெளியே கூரையின் கீழ் ஒரு குழாயும் துவைகல்லும். பால் வாடை வீசும் சட்டையும் சேற்றுச் சப்பாத்தும் அங்கேயே கழன்றுவிட வேண்டும், அடுப்படிக்கு வரக்கூடாது. முன்புறம் ஐந்தடி அகலத்தில் அஞ்சடி. மோட்டார் சைக்கிள் மழையில் நனையாமல் நிற்கும். மாலையில் நாற்காலி போட்டுப் பேசலாம்.

இனிச் சட்டம். 1984ஆம் ஆண்டு வந்த சீரான கட்டட விதிகள் சொல்வது: குடியிருக்கும் அறைகளில் முதலாவது 11 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது; அது ஏறக்குறைய 118 சதுர அடி. இரண்டாவது 9.3, மற்றவை 6.5 சதுர மீட்டர். எந்த அறையும் 2 மீட்டர் அகலத்துக்குக் குறையக்கூடாது. படுக்கையறையின் உயரம் 2.5 மீட்டராவது வேண்டும். ஜன்னல் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. காற்று வரத் திறக்கும் இடம் இருபதில் ஒரு பங்கு. நம் 110 சதுர அடி அறைக்கு, நாலடி அகலம் மூன்றடி உயரத்தில் ஒரு ஜன்னல் போதும். பிளானை மாவட்ட மன்றமோ நகராண்மைக் கழகமோ அனுமதிக்காமல் ஒரு கல்லும் வைக்கக்கூடாது. 1974ஆம் ஆண்டின் 133ஆம் சட்டம் அப்படி. எல்லையிலிருந்து எத்தனை அடி விட வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மனையடி சாத்திரம் பார்ப்பவர்களை நான் தடுக்கவில்லை. ஓரடி கூட்டுவதிலும் குறைப்பதிலும் நட்டமில்லை. ஜன்னலை அடைக்கச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

தோழர்களே, நான் சொன்ன அளவை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. வீதி மேற்கே இருந்தால் ஒழுங்கு மாறும். பிள்ளைகள் அதிகமிருந்தாலும் மாறும். ஆகவே ஒன்று செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பந்து கயிறும், சில முளைக்குச்சிகளும், ஒரு சுமடு சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு மனைக்குப் போங்கள். அறை அறையாகத் தரையில் உண்மை அளவில் கயிறு கட்டுங்கள். கதவு வரும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். கட்டில் இருக்கும் இடத்தில் பாய் விரியுங்கள். பிறகு சம்சாரத்தை நடக்கச் சொல்லுங்கள்: அடுப்பிலிருந்து குழாய்க்கு, குழாயிலிருந்து துணி காயும் கொடிக்கு. பாட்டியைக் கைபிடித்துப் பின்னறையிலிருந்து கழிவறைக்கு நடத்திப் பாருங்கள். பெண்பிள்ளையைக் கேளுங்கள்: ஹாலில் அந்நியர் இருக்கும்போது நீ குளித்துவிட்டு அறைக்குத் திரும்ப வழி இருக்கிறதா என்று. என் எடுத்துக்காட்டிலேயே நடு அறைக் கதவு ஹாலில்தான் திறக்கிறது. அவளுக்கு அது சங்கடமென்றால், கயிற்றை அவிழ்த்துச் சமையற்கட்டை இரண்டு முழம் முன்னே தள்ளி, ஹாலைக் குறைத்து, அந்தக் கதவை உள்ளே கொண்டுவரலாம். கயிற்றை நகர்த்த ஒரு காசும் ஆகாது. சுவரை நகர்த்தினால் ஆயிரம் ஆயிரமாய்ப் போகும்.

பல தலைமுறையாக நாம் எந்த அறையில் படுப்பது என்பதை வேறொருவர் தீர்மானித்தார். நம் சொந்த வீட்டிலும் கண்டிராக்டர் தீர்மானிக்க விடலாமா? குடும்பத்தில் எல்லோரையும் கேட்டு, எல்லோரும் நடந்து பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பிளானைப் படிக்கத் தெரியாத தொழிலாளி தயங்க வேண்டாம்; கிளைக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். இங்கே இருக்கும் கிராணிமார்கள் அளவு வாசித்துச் சொல்ல முன்வர வேண்டும் என்று கேட்டு, என் பேச்சை முடிக்கிறேன்.